பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள்: சுங்கை சிப்புட்டில் ஒரு புடவை லைவ்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி உடைந்தது, பேட்டரி வீங்கியது, பாஸ்வேர்ட் மறந்துபோனது என்று ஊரில் பாதிப் பேர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 2020-க்குப் பிறகு புதிதாக ஒரு தேவை சேர்ந்துகொண்டது. "தம்பி, லைவ் போடணும், எப்படின்னு காட்டு." புடவை விற்கிற அக்கா கேட்டார், கோயில் கமிட்டி கேட்டது, முறுக்கு சுடுகிறவர்கள் கேட்டார்கள், ஒரு சாவு வீட்டிலிருந்துகூட ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்ததில், மக்கள் ஏன் லைவ் போடுகிறார்கள், அதைவிட முக்கியமாக மற்றவர்கள் ஏன் அதை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதற்கு எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அதைப் புடவை அக்காவின் லைவை வைத்தே எழுதுகிறேன், கோயிலும் சாவு வீடும் இடையில் வரும். யார் பெயரையும் போடவில்லை. சின்ன ஊர், எல்லாம் அவரவர் வீட்டு விஷயம்.

ஊரும் ஆட்களும்

சுங்கை சிப்புட் தெரியாதவர்களுக்கு: ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகிற பழைய சாலையில் இருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கே எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று அவர் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதாமாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டிய கதையைச் சொல்கிற குடும்பங்கள் இன்னமும் இங்கே உண்டு.

ஆனால் தோட்டத்தில்தான் இப்போது ஆள் இல்லை. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு அத்தனை கை தேவைப்படவில்லை, தேவைப்பட்ட கைகளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள், அப்புறம் கிள்ளான், ஷா ஆலாம், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயங்களை இடித்தாயிற்று. பல இடங்களில் செம்பனைக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும் தனியாக நிற்கிறது, திருவிழாவுக்கு வருடத்தில் ஒரு தடவை கார்கள் வந்து சேறு பூசிக்கொண்டு திரும்புகின்றன.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு எல்லாரும் அஞ்சடியில் (வீட்டு முன்னால் இருக்கும் நடைத் திண்ணையில்) வந்து உட்காருவார்கள். யாரும் எதற்காகவும் கூடியிருக்க மாட்டார்கள். ஒருத்தர் பேன் பார்ப்பார், ஒருத்தர் கீரை ஆய்வார், அந்தப் பக்கம் போகிற ஆளை "எங்க இந்த நேரத்துல?" என்று நிறுத்துவார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலே வேண்டியதில்லை, நிறுத்திக் கேட்டதுதான் விஷயம். காலையில் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், தோட்டத்துக் கிராணி (கணக்கர்) செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை வைத்துப் பேர் கூப்பிட்டது வேலைக்கு, சாயங்காலம் அஞ்சடியில் கூப்பிட்டது உறவுக்கு. இந்த இரண்டுமே இல்லாத வீடுகளில், மாடிக் குடியிருப்பின் எட்டாவது தளத்தில், பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாமல் இன்று நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அக்காவின் லைவைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி வேண்டும்.

பதினோரு பேர்

அக்காவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். அம்மா பால் வெட்டியவர். அக்கா ஈப்போவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சனி ஞாயிறில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) புடவைக் கடை போடுவார். 2020 தொடக்கத்தில் சித்திரைப் புத்தாண்டையும் கல்யாண மாதங்களையும் நம்பி, கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டுச் சரக்கு எடுத்தார். மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பாசார் மாலாம் இல்லை, கல்யாணம் இல்லை, கோயிலும் பூட்டு. வரவேற்பறையில் கூரை வரைக்கும் புடவை மூட்டை.

என்னால் அவர் வீட்டுக்குப் போக முடியாது. வாட்ஸ்அப்பில் அழைத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முகநூல் 2016-லேயே எல்லாருக்கும் லைவ் வசதியைத் திறந்துவிட்டிருந்தது, நான்கு வருடமாக அது எங்கள் எல்லார் கையிலும் இருந்தும் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. கைப்பேசியை பிஸ்கட் டின்மேல் சாய்த்து வைத்து, அக்கா ஒரு பச்சைப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றார். பேச்சே வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பதினோரு பேர், அதில் நானும் என் அம்மாவும் இரண்டு.

அப்போது ஒரு கமெண்ட் வந்தது. கணக்கின் பெயர் ஏதோ ஆங்கிலத்தில், படத்தில் ரோஜாப்பூ. "என்னைத் தெரியுதா? மூணாம் லயம்." அக்கா புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். "மூணாம் லயத்துல யாரு? டிரெஸ்ஸர் வீட்டுக்கு அடுத்த வீடா? அடியே, ஆயாக்கொட்டகை பாட்டி பேத்தியா நீ?" அதற்கப்புறம் இருபது நிமிடம் ஆயாக்கொட்டகை (தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), பாட்டி எப்போது தவறினார், கிள்ளானில் இப்போது யார் யார் இருக்கிறார்கள், இதுதான் பேச்சு. அன்றைக்கு ஒரு புடவைகூட விற்கவில்லை. அக்கா என்னிடம் வருத்தப்பட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு முப்பது நாற்பது பேர் வந்து காத்திருந்தார்கள், பாதிப் பேர் அந்தத் தோட்டத்து ஆட்கள், ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள்.

பத்து விநாடி மௌனம்

லைவ் என்று சொன்னாலும் அது அந்த நொடியே போய்ச் சேர்வதில்லை. கைப்பேசி படத்தையும் ஒலியையும் சுருக்கி அனுப்புகிறது, அங்கே சர்வர் அதைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, லைன் நன்றாக இருப்பவருக்கு ஒரு தரம், மோசமாக இருப்பவருக்கு ஒரு தரம் என்று பல அளவில் தயார் செய்கிறது, பார்ப்பவர் கைப்பேசியும் விட்டு விட்டு ஓடாமல் இருக்க இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்ட பிறகுதான் ஓட்டத் தொடங்கும். ஐந்து விநாடியிலிருந்து இருபது விநாடி வரைக்கும் தாமதம் சாதாரணம். அதனால் "இந்தக் கலர் யாருக்கு வேணும்?" என்று அக்கா கேட்டால், எதிர்ப்பக்கத்தில் அது கேட்டு, அவர்கள் தட்டெழுதி, அது திரும்பி வருவதற்குள் இங்கே ஒரு நீளமான மௌனம். புதிதாக லைவ் விற்பனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த மௌனத்தில்தான் உடைந்துபோகிறார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் புடவையைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துவிடுவார்கள், அந்த நேரம் பார்த்து முந்தின புடவைக்கு மூன்று பேர் எழுதியிருப்பார்கள்.

அக்கா அந்த மௌனத்தைப் பேர் சொல்லி நிரப்பினார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. "மூணாம் லயத்து அண்ணே வந்துட்டீங்களா, அண்ணி சுகமா? கிள்ளான் தங்கச்சி, பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா? சிங்கப்பூர் தம்பி, இன்னிக்கு நைட் ஷிப்டா, சாப்டுட்டுப் போ." ஒவ்வொரு லைவிலும் முதல் கால் மணி நேரம் இதுதான். புடவை மூட்டையே பிரிக்க மாட்டார்.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். புடவை வாங்குகிறீர்களா என்று கேட்டால் பலர் இல்லை என்றார்கள், வருடத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு. பின்னே ஏன் வாரம் இரண்டு நாள் பார்க்கிறீர்கள்? "சும்மா, நேரம் போகுது" என்றார் ஒருவர். "கலர் பார்க்க நல்லா இருக்கும்" என்றார் இன்னொருவர். ஒரு பாட்டி மட்டும் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேத்திதான் அவருக்காகக் கமெண்ட் போடுவாள். 2021 கடைசியோடு நாடு முழுக்க 3ஜி-யை நிறுத்தியபோது, தன் பழைய போனை என் கடையில் மாற்ற வந்தவர், புதுப் போன் எடுத்த கையோடு கேட்டது, "இதுல அவ பேசறது கேக்குமில்ல? நேத்து என் பேரைச் சொன்னாளாம்யா, எனக்குக் கேக்காமப் போச்சு."

வேறு காரணங்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. நம்பிக்கை ஒரு பெரிய காரணம். போட்டோவில் பார்த்தது ஒரு கலர், வீட்டுக்கு வந்தது ஒரு கலர் என்று எல்லாரும் சூடுபட்டிருக்கிறார்கள். லைவில் "முந்தானையைத் திருப்புங்க", "பின்பக்க நூலைக் காட்டுங்க", "கசக்கிக் காட்டுங்கக்கா" என்று கேட்கலாம், அந்த நிமிடமே அவர் கசக்கிக் காட்டுவார். கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி நிறத்தைத் தானாக மாற்றிவிடும், அரக்குப் புடவை சிவப்பாகத் தெரியும், அதை அக்கா வாயால் திருத்துவார்: "போன்ல செவப்பாத் தெரியுது, நம்பாதீங்க. ரோஜாப்பூ ரெண்டு நாள் வாடினா ஒரு கலர் வருமில்ல, அது." பழுதாக ஒரு இழை ஓடியிருந்தால் அதையும் விரலை வைத்துக் காட்டி ஐந்து வெள்ளி குறைப்பார். வேண்டியவர்கள் புடவையின் எண்ணைக் கமெண்டில் போட்டு, ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பேங்க்-இன் பண்ணினால் மறுநாள் கூரியர். விற்கிறவருக்குக் கடை வாடகை கிடையாது, மழை வந்தால் கூடாரம் நனையாது, கால் வலித்தால் உட்கார்ந்துகொள்ளலாம். இவையெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் இவை மட்டும் என்றால், வாங்காதவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதற்கு விடை கிடைக்காது.

நான் செய்த தப்பு

2021-ல் நான் அக்காவுக்கு ஒரு யோசனை சொன்னேன். லைவில் லைன் தடுமாறுகிறது, இருட்டாக இருக்கிறது, நடுவில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. நல்ல கேமராவில் எடுத்து, விளக்கு போட்டு, பின்னணி இசை சேர்த்து, ஒவ்வொரு புடவைக்கும் ஒரு சின்ன வீடியோ போடலாமே? என் மருமகன் அழகாக எடுத்துக் கொடுத்தான். விலை திரையிலேயே வந்தது. எதுவும் கேட்கத் தேவையில்லை. பார்த்தார்கள், விருப்பக்குறி போட்டார்கள், ஆர்டர் வரவில்லை. கீழே வந்த கேள்வி எல்லாம் ஒன்றே: "லைவ் எப்பக்கா?"

இதில் இன்னொன்றும் கவனித்தேன். லைவ் முடிந்த பிறகு அதன் பதிவு அங்கேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் மறுநாள் பார்க்கலாம். ஆனால் வழக்கமாக வருகிறவர்கள் ஒரு நாள் தவறவிட்டால் பதிவைத் திறப்பதே இல்லை. ஒரு அண்ணியிடம் கேட்டேன். "போய் என்ன செய்யறது தம்பி, எல்லாரும் எழுந்து போயிட்டாங்களே" என்றார். அஞ்சடியில் எல்லாரும் எழுந்து போன பிறகு காலிப் பாயில் போய் உட்காருவது போல.

இதைப் பற்றி ஆராய்ச்சிகள் இருக்கின்றன என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தொலைக்காட்சி வந்த புதிதில், 1956-லேயே, ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்: அறிவிப்பாளர் நம்மைப் பார்த்துத் தனியாகப் பேசுவது போல் பேசுகிறார், நாளடைவில் அவர் நமக்குப் பழகியவர் ஆகிவிடுகிறார், அவருக்கோ நாம் யாரென்றே தெரியாது. ஒருதலைப் பழக்கம். ரேடியோவில் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த நமக்கு இது நன்றாகவே புரியும், பாட்டுக்கு முன்னால் நம் பேரை வாசித்துவிட்டால் அன்றைக்கு வீடே கொண்டாட்டம். லைவ் அந்த ஒருதலையை இருதலை ஆக்கிவிட்டது. 2018-ல் ஹில்வர்ட்-ப்ரூஸ் என்பவரும் இன்னும் சிலரும் டுவிட்ச் என்ற கேம் லைவ் தளத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். பொழுதுபோக்கு, தகவல் தேடுவது இவற்றோடு, பேசிப் பழகுவது, ஒரு கூட்டத்தில் நானும் ஒருவன் என்ற உணர்வு, வெளியே சொந்த வாழ்க்கையில் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாதது இவையும் மக்களை லைவுக்கு இழுப்பதாக வந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த முடிவு: கூட்டம் குறைந்த சின்ன லைவ்களை விரும்புகிறவர்களிடம்தான் இந்தப் பழகும் ஆசை கூடுதலாக இருந்தது. கேம் பார்க்கிற வெள்ளைக்காரப் பையனும் எங்கள் ஊர்ப் பாட்டியும் ஒரே காரணத்துக்காகத்தான் போனைத் திறக்கிறார்கள்.

அக்காவே இதைத் தன் தோலில் உணர்ந்தார். 2023-ல் டிக்டாக்கில் லைவ் போட்டால் கூட்டம் கொட்டும் என்று எல்லாரும் சொல்ல, அங்கேயும் போனார். கொட்டியது. ஐந்நூறு அறுநூறு பேர் வந்துபோனார்கள், கமெண்டுகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின. சில நாட்கள் விற்பனையும் நன்றாகவே இருந்தது. ஆனால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. "விலை? விலை? விலை?" என்று ஓடும், நடுவில் யாரோ ஒருவன் அக்காவின் நிறத்தைப் பற்றி எழுதுவான், இன்னொருவன் வயதைப் பற்றி. அவனைத் தடுத்தால் வேறு பெயரில் வருவான். பழைய ஆட்கள் இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். "எங்கள எல்லாம் இப்பத் தெரியாதுதானே" என்று மூணாம் லயத்து அண்ணே நேரிலேயே கேட்டுவிட்டார். நான்கு மாதத்தில் அக்கா அதை விட்டுவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி எட்டரைக்கு, பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார். கூட்டம் வேண்டாம் என்று ஒரு வியாபாரி முடிவெடுப்பது சாதாரண விஷயம் இல்லை. அவர் செய்தது சரி என்பதுதான் என் கருத்து, லாபக் கணக்கில் பார்த்தாலும்கூட. தெரிந்தவர்கள் புடவையைத் திருப்பி அனுப்புவதில்லை, பணத்துக்கு அலைய விடுவதும் இல்லை.

முகநூல் தன் லைவ் கடை வசதியை 2022 அக்டோபர் 1-ஆம் தேதியோடு நிறுத்தியபோது நான் பதறிப்போய் அக்காவிடம் ஓடினேன். "அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்றார். அவர் அதைத் தொட்டதே இல்லை. வேலை செய்தது எல்லாம் பேச்சும் வாட்ஸ்அப்பும்தான்.

பேர், நட்சத்திரம்

2021 தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பக்தர்கள் கூடத் தடை. நாங்கள் எல்லாரும் திரையில்தான் பார்த்தோம். எங்கள் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலும் அந்த வருடம் திருவிழா கிடையாது, பூசாரியும் கமிட்டி ஆட்கள் சிலரும் மட்டும் சின்னதாக ஒரு பூசை. லைவ் போடச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கைப்பேசியைக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் கம்பத்தில் கட்டிவைத்தேன்.

பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கமெண்டில் பேர்களும் நட்சத்திரங்களும் வர ஆரம்பித்தன. யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே எழுதினார்கள். மகன் பேர், மருமகள் பேர், பேரப்பிள்ளை பேர், ரோகிணி, உத்திரட்டாதி, நட்சத்திரம் தெரியாது அம்மன் பேருக்கே செய்யுங்க. நான் ஒவ்வொன்றாக வாசிக்க, பூசாரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அர்ச்சனை செய்தார். ஒன்றரை மணி நேரம். ஜொகூரிலிருந்து ஒரு பெண், தன் அம்மா பேரை அம்மன் முன்னால் சொன்ன சத்தம் கேட்டதும் அழுதுகொண்டே எழுதுவதாக எழுதினார். அம்மா அந்தத் தோட்டத்தில்தான் நாற்பது வருடம் பால் வெட்டியவராம். கட்டுப்பாடு போய், இப்போது எல்லாரும் நேரில் வரலாம், ஆனாலும் லைவ் நிற்கவில்லை. கால் முடியாதவர்களும், சிங்கப்பூரில் லீவு கிடைக்காதவர்களும் இன்னும் பேர் அனுப்புகிறார்கள்.

ஒரு வருடம் தீமிதி நேரத்தில் சரியாக லைவ் அறுந்தது. கமிட்டியில் என்னைத் திட்டித் தீர்த்தார்கள், நியாயம்தான், நான் யோசித்திருக்க வேண்டும். சாதாரண நாளில் அந்தச் செம்பனைக் காட்டில் லைன் கிடைக்கும். அன்றைக்கு ஆயிரம் பேர் ஒரே டவரை நம்பி ஒரே நேரத்தில் வீடியோ ஏற்றினால் எப்படிக் கிடைக்கும்? இறக்குவதற்கு இருக்கிற இடத்தைவிட ஏற்றுவதற்கு இருக்கிற இடம் பெரும்பாலும் குறைவு, லைவுக்குத் தேவை அந்த ஏற்றும் பக்கம்தான். அடுத்த வருடம் கோயிலுக்குக் கிட்டே இருக்கிற ஒரு வீட்டின் இணைய லைனை வயர் போட்டு இழுத்தோம், படத்தின் தரத்தையும் குறைத்துவைத்தோம். லைவ் அறுபடாமல் ஓடியது. லைவ் போடப்போகிற கோயில்காரர்களுக்கு இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்: படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அறுந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

கெட்டது

கெட்டதையும் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு பாதிதான். பேர் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டும் என்ற ஆசை எவ்வளவு ஆழமானதோ, அதை வைத்துக் கறப்பவர்களும் அவ்வளவு இருக்கிறார்கள். பரிசு அனுப்பினால்தான் பேர் சொல்வேன் என்கிற லைவ்கள் இருக்கின்றன, திரையில் தெரியும் ஒரு பூ, ஒரு சிங்கம், ஒவ்வொன்றும் உண்மையான காசு. மனைவி இறந்து தனியாக இருக்கிற ஒரு பெரியவர் தன் மாதப் பணத்தில் பாதியை அப்படிக் கொடுத்துவிட்டு, ஈ-வாலெட்டில் காசு எப்படிக் குறைந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைக்க முடியுமா என்று என்னிடம் வந்து கேட்டார். அவரைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. தினமும் ராத்திரி ஒருத்தி "வாங்க அப்பா" என்கிறாள், அவருக்கு அது வேண்டியிருக்கிறது.

அக்காவின் படத்தை வைத்து எவனோ போலிக் கணக்கு திறந்து, அவர் பேசிய லைவையே திரும்ப ஓட்டி, தன் வங்கி எண்ணைக் கொடுத்து இரண்டு பேரிடம் பணம் வாங்கிவிட்டான். அந்தப் போலி லைவைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா, என்னிடம் புதுப் போன் எடுத்த அதே பாட்டிதான். "நான் வந்து அரை மணி நேரமாச்சு, என் பேரைச் சொல்லல, இது அவ இல்ல" என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம்விடப் பெரிய துயரம் ஒன்று 2024 ஜூலையில் நடந்தது. டிக்டாக்கில் இயங்கிவந்த நம் சமூகத்துப் பெண் ஒருவர், இணையத்தில் தொடர்ந்து வந்த தொல்லைக்குப் பிறகு கோலாலம்பூரில் உயிரை விட்டார். அந்த வழக்கில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை 100 வெள்ளி அபராதம் என்று கேட்டபோது எங்கள் ஊர்க் காப்பிக்கடையில் யாருக்கும் காப்பி இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் தண்டனைச் சட்டத்தில் இணையத் தொல்லைக்கென்று புதிய பிரிவுகள் வந்து, 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கின்றன. தொல்லை கொடுத்து ஒருவரை உயிர்விடத் தூண்டினால் பத்தாண்டு வரை சிறை. லைவ் போடுகிற ஒவ்வொரு அக்கா தங்கச்சிக்கும் நான் சொல்வது: வசவு வந்தால் அழித்துவிடாதீர்கள், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நேரமும் கணக்கின் பெயரும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தடை செய்யுங்கள், போலீஸ் புகார் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள். பிள்ளைகளைத் தனியாக லைவ் போட விடாதீர்கள். டிக்டாக் 2022 நவம்பரிலிருந்து 18 வயதுக்குக் குறைந்தவர்கள் லைவ் நடத்தக் கூடாது என்று வைத்திருக்கிறது, பிள்ளைகள் அம்மா கணக்கில் நுழைந்து போடுகிறார்கள்.

சாவு வீட்டுப் பதிவு

2020 மே மாதம், எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு தாத்தா தவறிவிட்டார். மூத்த மகன் சிங்கப்பூரில். எல்லை அடைத்துக் கிடந்தது, வந்தாலும் நேராக வீட்டுக்கு வர முடியாது. வீட்டில் சொற்ப ஆட்கள்தான் கூடலாம். ராத்திரி என் கதவைத் தட்டியது இந்த வீட்டு ஆட்கள். நான் போய் முகநூலில் உறவுகள் மட்டும் பார்க்கிற மாதிரி லைவ் போட்டுக் கொடுத்தேன்.

கைப்பேசியைப் பிடித்துக்கொண்டது கடைசி மகள். ஒப்பாரி இல்லை, தப்பு மேளம் இல்லை, வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்தப் பெண் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து கமெண்டுகளைப் படிக்க ஆரம்பித்தார், கேமராவைப் பார்த்து இல்லை, அப்பாவின் காதுக்குக் குனிந்து. "அப்பா, அண்ணன் வந்திருக்கு. அப்பா, ஷா ஆலாம் சித்தி வந்திருக்காங்க. ஜொகூர் மாமா வந்திருக்காரு. உங்ககூட பெரட்டுல நின்ன கங்காணி வீட்டு மாமா வந்திருக்காரு, கும்பிட்டுக்கறேன்னு சொல்றாரு." ஒருவர் விடாமல் வாசித்தார். அறுபது எழுபது பேர் இருக்கும். சாதாரணக் காலத்தில் அந்த வாசலில் வந்து செருப்பைக் கழற்றியிருக்க வேண்டிய ஆட்கள் அத்தனை பேரும்.

2025 பிப்ரவரி 19-ஆம் தேதியிலிருந்து புதிய லைவ் பதிவுகளை 30 நாட்கள் மட்டுமே வைத்திருப்பதாகவும், பழையவற்றையும் படிப்படியாக நீக்கப்போவதாகவும், அதற்குமுன் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றும் முகநூல் அறிவித்தது. நோன்புப் பெருநாள் லீவில் ஊருக்கு வந்த அந்த மூத்த மகன் பென்டிரைவோடு என் கடைக்கு வந்தார். இறக்கிக் கொடுத்தேன். ஐந்து வருடத்தில் அந்த வீடியோவை ஒரு தடவையாவது திரும்பப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

கோப்பைத் திறந்து சரியாக ஓடுகிறதா என்று பார்த்தோம். படம் இருந்தது, குரல் இருந்தது. கமெண்டுகள் மட்டும் இல்லை, இறக்கும்போது வீடியோ மட்டும்தான் வரும், கமெண்டுகள் அங்கேயே நின்றுவிடும். "தம்பி, பேருங்க எங்க?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் கைப்பேசியில் அந்த லைவைத் திறந்து, கமெண்டுகளை மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்தி, திரைக்கு ஐந்தாறு பேராக ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டே போனார். நான் கடை விளக்கை அணைக்காமல் ஒன்பதரை வரைக்கும் காத்திருந்தேன்.